துக்க வீட்டிலிருந்து வெளிநாட்டு வேலைக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நீளும் இராமநாதபுரம் கடற்கரையில், வளைகுடாவிலோ சிங்கப்பூர், மலேசியாவிலோ ஓர் ஆள் இல்லாத தெருவைக் காண்பது அரிது. பயணச் சீட்டு, விசாப் படிவம், சான்றிதழ் அத்தாட்சி ஆகியவற்றைச் செய்து கொடுக்கும் இடத்தில் பல ஆண்டுகளாக உட்கார்ந்திருப்பதால், வீட்டில் ஒரு சாவு விழுந்த சில வாரங்களிலேயே புது வேலைக்குக் கிளம்புகிறவர்கள் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்பதைப் பார்க்கிறேன். சட்டம் பற்றித் தொடங்கும் கேள்வி பெரும்பாலும் மனத்தைப் பற்றிய கேள்வியாக முடிகிறது. ஆகவே இரண்டையும் பிரிக்காமல், கேள்விகளை அவரவர் கேட்டபடியே வைத்து எழுதியிருக்கிறேன்.

அண்ணே, அத்தா (அப்பா) மவுத்தாகி நாற்பது முடியல. விசா வந்துருச்சு. போறதா, தள்ளிப் போடுறதா?

முதலில் விசாவில் உள்ள தேதியைப் பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தின் வேலைக்கான நுழைவு அனுமதி, வழங்கப்பட்ட நாளிலிருந்து 60 நாள்களுக்குள் நாட்டுக்குள் நுழைவதற்கே செல்லும். அதில் எத்தனை நாள் மீதம் இருக்கிறது என்று கணக்கிட்டால், ஏஜென்ட் சொல்லும் "நாளைக்கே ஏறணும்" என்பது உண்மையா, அவருடைய வசதியா என்று தெரிந்துவிடும். இறப்புச் சான்றிதழின் நகலை இணைத்து, இன்ன தேதியில் வந்து சேருவேன் என்று குறிப்பிட்டு நிறுவனத்துக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். இரண்டு மூன்று வாரத் தள்ளிவைப்பை எழுத்தில் கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்திருக்கிறது. வாயால் கேட்டவர்களுக்கு அவ்வளவாகக் கிடைத்ததில்லை.

போவதா வேண்டாமா என்பதை நான் சொல்ல முடியாது. ஆனால் நாற்பதாம் நாளோ பதினாறாம் நாளோ முடிந்துவிட்டால் மனம் தயாராகிவிடும் என்று எண்ணிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். அந்த நாள்கள் ஊருக்கும் உறவுக்கும் வைத்த கணக்கு. உங்கள் தூக்கமும் பசியும் அந்தக் கணக்கைப் பார்த்து நடப்பதில்லை. வீட்டில் பொறுப்பெடுக்க ஓர் ஆள் இருக்கிறாரா, இரவில் நான்கைந்து மணி நேரமாவது தூங்குகிறீர்களா, காகித வேலை முடிந்ததா என்ற மூன்றுக்கும் ஆம் என்று பதில் வந்தால் கிளம்பலாம் என்பது என் அபிப்பிராயம்.

காகித வேலைன்னா என்னென்ன? எல்லாத்தையும் தம்பி பார்த்துக்குவான்ல?

தம்பி பார்த்துக்கொள்வார், ஆனால் உங்கள் கையெழுத்து இல்லாமல் அவரால் பாதி வேலைகளைச் செய்ய முடியாது. இறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்வது எளிது. அதற்குப் பிறகு தாமதக் கட்டணமும் கூடுதல் அனுமதியும் தேவைப்படும். வாரிசுச் சான்றிதழுக்கு வட்டாட்சியர் அலுவலக விசாரணை உண்டு என்பதால், விண்ணப்பத்தை நீங்கள் ஊரில் இருக்கும்போதே போட்டுவிடுங்கள். இறந்தவர் மீனவராக இருந்தால், மீனவர் நல வாரிய உறுப்பினர் அட்டை, கூட்டுறவுச் சங்கப் பதிவு, படகுப் பதிவு ஆகியவை யார் பெயரில் உள்ளன என்று பார்க்க வேண்டும். விபத்தில் இறந்த மீனவரின் குடும்பத்துக்குப் பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் குழு விபத்துக் காப்பீட்டில் 5 லட்சம் ரூபாய் உண்டு. அதைக் கேட்காமலேயே விட்ட குடும்பங்கள் இந்தக் கரையில் இருக்கின்றன.

வங்கி, நிலம் தொடர்பான அதிகாரப் பத்திரத்தைக் கிளம்பும் முன்பே பதிவு செய்துவிடுவது நல்லது. அங்கே போன பிறகு எழுதினால், இந்தியத் தூதரகத்தில் நேரம் வாங்கி, அத்தாட்சி பெற்று, ஊருக்கு அனுப்பி, அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். புது வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில் தூதரகத்துக்குப் போக ஒரு நாள் விடுப்புக் கேட்பது எவ்வளவு சங்கடம் என்பது போனவர்களுக்குத் தெரியும்.

தூக்கத்துக்கு டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்தார். அம்மா மசாலாவும் கட்டிக் குடுத்துச்சு. கொண்டு போகலாமா?

இரண்டையும் பிரித்துப் பாருங்கள். துக்கத்தில் இருப்பவர்களுக்கு இங்கே சாதாரணமாக எழுதித் தரப்படும் அல்பிரசோலம், குளோனசெபம், டயசெபம் போன்றவை அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். அந்நாட்டு அரசின் இணையவழி முன் அனுமதியும், மருத்துவரின் சீட்டும், அந்த அளவுக்கு மேற்படாத மாத்திரையும் இருந்தால் மட்டுமே கொண்டு போக வேண்டும். மற்ற வளைகுடா நாடுகளிலும் இதே எச்சரிக்கை தேவை. "தூக்க மாத்திரைதானே" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள்.

மசாலாவைப் பொறுத்தவரை, அதில் கசகசா அரைத்துச் சேர்த்திருக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். அமீரகத்திலும் சவுதியிலும் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். முண்டு மிளகாய்த் தூள், மல்லித் தூள், கருவாடு, பனங்கற்கண்டு எதுவானாலும், என்ன பொருள் என்று மேலே எழுதி ஒட்டித் தனித்தனியாகக் கட்டச் சொல்லுங்கள். அம்மா கட்டிக் கொடுத்ததை விமான நிலையத்தில் குப்பையில் போட வைக்கும் நிலை இந்தச் சமயத்தில் வேண்டாம்.

புதுக் கம்பெனியில இதைச் சொல்லணுமா? சொன்னா இவன் வேலைக்கு ஆகமாட்டான்னு நினைச்சுக்க மாட்டாங்களா?

எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை. ஒருவரிடம் சொல்ல வேண்டும். அந்த ஒருவர் உங்களுக்கு நேர் மேலே இருக்கும் ஃபோர்மேனாகவோ சூப்பர்வைசராகவோ இருப்பது நல்லது. நீளமாக விளக்கத் தேவையில்லை. "வருவதற்கு மூன்று வாரம் முன்பு என் தந்தை இறந்துவிட்டார். வேலையைச் சரியாகச் செய்வேன். முதல் சில வாரம் நான் ஏதாவது தவறவிட்டால் என்னிடம் நேரில் சொல்லுங்கள்" என்ற மூன்று வாக்கியங்கள் போதும். இதை இந்தியிலோ ஆங்கிலத்திலோ ஒரு நண்பரிடம் எழுதி வாங்கிக் கைப்பேசியில் வைத்துக்கொண்டால், வாய் வராத நேரத்தில் அதையே காட்டிவிடலாம்.

சாரத்தின் மேல் நிற்பவர், கிரேன் அல்லது கனரக வண்டி ஓட்டுபவர், மின்சார வேலை பார்ப்பவர் ஆகியோருக்கு இது விருப்பம் சார்ந்த விஷயம் அல்ல. துக்கத்தில் தூக்கம் கெடும், கவனம் நடுவில் அறுந்து போகும், சொன்னது காதில் விழுந்தும் மனத்தில் பதியாது. உயரத்தில் இது உயிருக்கு ஆபத்து. முதல் இரண்டு வாரம் தரையில் வேலை கொடுங்கள் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

புரொபேஷன்ல இருக்கேன். இப்ப வீட்ல இன்னொரு கேதம் விழுந்தா லீவு குடுப்பாங்களா?

நாட்டுக்கு நாடு வேறுபடும். அமீரகத்தில் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டப்படி, கணவனோ மனைவியோ இறந்தால் 5 நாளும், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் இறந்தால் 3 நாளும் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. ஆனால் அது இறந்த தேதியிலிருந்து எண்ணப்படும். நீங்கள் விமானம் ஏறிய நாளிலிருந்து அல்ல. சவுதியில் வாழ்க்கைத் துணை, பெற்றோர், பிள்ளைகளுக்கு 5 நாள். 2025இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி உடன்பிறந்தோருக்கு 3 நாள். குவைத்திலும் பஹ்ரைனிலும் நெருங்கிய உறவுக்கு 3 நாள். சிங்கப்பூரில் இதற்கென்று சட்டப்படியான விடுப்பே இல்லை. வேலை ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் கணக்கு. வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் இந்தப் பொதுச் சட்டங்களுக்குள் வருவதில்லை, அவர்களுக்குத் தனி விதிகள் உண்டு.

மூன்று நாளில் துபாயிலிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ வந்து, அங்கிருந்து சாலை வழியாக ஊர் சேர்ந்து, திரும்பவும் போய்விட முடியுமா என்றால், மூச்சு முட்ட ஓடினால் முடியும். அதற்கு மேல் வேண்டிய நாள்களைச் சம்பளமில்லா விடுப்பாக எழுத்தில் கேளுங்கள். சவுதியில் இருப்பவர்கள் எக்சிட் ரீ-என்ட்ரி அனுமதி கையில் இல்லாமல் விமான நிலையத்துக்குப் போகக் கூடாது. எந்த அவசரத்திலும் சொல்லாமல் கிளம்பாதீர்கள். "ஹுரூப்", "அப்ஸ்காண்டிங்", அதாவது வேலையை விட்டு ஓடிவிட்டவர், என்று பதிவாகிவிட்டால் துக்கத்தோடு வழக்கும் சேர்ந்துகொள்ளும்.

பகல்ல ஒண்ணும் தெரியல. ராத்திரி ரூமுக்கு வந்தா தாங்கல. எனக்கு என்ன ஆச்சு?

உங்களுக்கு எதுவும் கெட்டுப் போகவில்லை. துக்கத்தை ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷூட் ஆகிய இருவரும் 1999இல் எழுதியதன் சாரம் இதுதான்: இழந்தவர் இழப்பை நோக்கியும் புது வாழ்க்கையின் வேலைகளை நோக்கியும் மாறி மாறிப் போய் வருகிறார், அந்த ஊசலாட்டமே ஆறும் வழி. பகலில் மறந்திருப்பது இறந்தவருக்குச் செய்யும் துரோகம் அல்ல; இரவில் அழுவது வேலையில் தோல்வியும் அல்ல.

வெளிநாட்டில் உள்ள சிக்கல், அந்த ஊசல் துக்கத்தின் பக்கம் வரும்போது நிற்க இடம் இல்லாததுதான். ஊரில் கேத வீட்டுத் திண்ணை இருக்கிறது, துக்கம் கேட்க வருகிறவர்கள் இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் நடந்ததைத் திரும்பச் சொல்லிச் சொல்லியே பாரம் குறைகிறது. கேம்ப் அறையில் அடுக்குக் கட்டில்கள் வரிசையாக இருக்கும். விளக்கு அணையும் நேரம் பொதுவானது. கீழ்க்கட்டில்காரர் அதிகாலை ஷிப்டுக்கு எழ வேண்டும். ஆகவே பலர் கட்டிலைச் சுற்றித் துணியைத் தொங்கவிட்டு, காதில் இயர்போனைச் செருகி, வாட்ஸ்அப்பில் தங்கியிருக்கும் அப்பாவின் பழைய குரல் பதிவை, "சாப்பிட்டியாப்பா, பணம் அனுப்ப அவசரப்படாத" என்பதை, விடியும் வரை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேட்பதில் தவறில்லை, அதை அழித்துவிடச் சொல்லும் நண்பர்களின் பேச்சைக் கேட்காதீர்கள், வேறோர் இடத்திலும் ஒரு நகல் சேமித்து வையுங்கள். ஆனால் தூங்கும் நேரத்தில் வேண்டாம். வேலை முடிந்து அறைக்குத் திரும்பும் முன் அரை மணி நேரம் தனியே நடங்கள். அழுவதும் கேட்பதும் அந்த அரை மணிக்கு உரியவை என்று வைத்துக்கொண்டவர்கள் இரவில் கொஞ்சமாவது தூங்குகிறார்கள். விடுமுறை நாள்தான் கடினமானது. அன்றைக்குச் சமையல் பொறுப்பை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்க அம்மா காரியத்துக்கே வர முடியல. இங்க இருந்துக்கிட்டு என்ன செய்ய முடியும்?

இந்து வீடுகளில் கருமாதியை உடன்பிறந்தவர் செய்திருந்தால் அது நிறைவான காரியமே. பின்னர் வரும் தை, ஆடி, மகாளய அமாவாசைகளில் இராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்திலோ சேதுக்கரையிலோ தேவிபட்டினத்திலோ திதி கொடுக்கலாம். முதல் விடுப்பை அதற்கேற்பப் போடுகிறவர்கள் பலர். அதுவரை அங்கே விரதம் இருங்கள், ஒருவருக்குச் சாப்பாடு போடுங்கள். கேம்ப் அறையில் சூடம், ஊதுபத்தி கொளுத்த வேண்டாம். புகை எச்சரிக்கைக் கருவி அலறினால் கட்டிடமே காலியாகும்.

முஸ்லிம் வீடுகளில் அடக்கம் பெரும்பாலும் அன்றே நடந்துவிடுவதால், சபுரில் (வெளிநாட்டில்) இருக்கும் பிள்ளை வந்து சேருவது அபூர்வம். நம் கரையில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்ட மரபில்) காயிப் ஜனாஸா, அதாவது உடல் முன்னால் இல்லாமலேயே தொழும் இறுதித் தொழுகைக்கு இடம் உண்டு. ஊர் ஆலிம்சாவிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு தொழலாம். தங்கச்சிமடம், பாம்பன், மூக்கையூர் போன்ற ஊர்களின் கிறிஸ்தவக் குடும்பங்கள் முப்பதாம் நாள் பூசைக்கும் நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கும் ஊரில் பணம் கட்டி வைக்கின்றன. துபாயில் ஆலயமும் தமிழ்ப் பூசையும் உண்டு. சவுதியில் ஆலயம் இல்லை என்பதால் அங்கே தனிச் செபம்தான்.

அடக்கத்தை வீடியோ அழைப்பில் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். பார்க்க விரும்பினால், பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள். அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு வேலை செய்யாது என்பதால் வீட்டில் உள்ளவர்களின் போனில் போட்டிம் போன்ற செயலியை முன்பே ஏற்றி வையுங்கள். அந்த நேரத்தில் செயலியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

போன் பண்ணினா அம்மா அழுவுது. பண்ணலைன்னாலும் அழுவுது. என்ன செய்றது?

நேரத்தை நிலையாக வையுங்கள். அமீரகம் நமக்கு ஒன்றரை மணி நேரமும் சவுதி, குவைத், கத்தார், பஹ்ரைன் இரண்டரை மணி நேரமும் பின்னால் இருப்பதால், நீங்கள் இரவு எட்டரைக்கு வேலை முடித்து அழைக்கும்போது அம்மாவுக்குப் பத்து மணி, அல்லது பதினொன்று. தனித்துக் கிடக்கும் நேரத்தில் வரும் அழைப்பு அழுகையில்தான் முடியும். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் ஐந்து நிமிடம் பேசிப் பாருங்கள். அப்போது தெருவில் மீன்காரர் வந்திருப்பார், பேசுவதற்கு வேறு விஷயமும் இருக்கும். "நான் நல்லா இருக்கேன்" என்று பொய் சொல்ல வேண்டியதில்லை; "எனக்கும் அத்தா நினைப்புதாம்மா" என்று சொல்வதுதான் அவரைத் தேற்றுகிறது.

கருமாதிக்கு வாங்கின கடன் இருக்கு. முதல் சம்பளத்தையே மொத்தமா அனுப்பிடவா?

வேண்டாம். ஒரு பயணச் சீட்டுக்கான தொகை எப்போதும் உங்கள் கணக்கில் இருக்க வேண்டும். மீதியை அனுப்புங்கள். இறந்தவர் பெயரில் உள்ள நிலம், வீடு, படகை விற்பது, புதிதாக வாங்குவது பற்றிய முடிவுகளை ஓர் ஆண்டு தள்ளிப் போடுங்கள்.

எங்க அண்ணன் கடலுக்குப் போய் திரும்பி வரல. உடம்பும் கிடைக்கல. நான் இப்ப பஹ்ரைன்ல கடல் வேலைக்குப் போறேன். வலை இழுக்கும்போது கை நடுங்குது.

இது மற்ற துக்கங்களைப் போன்றது அல்ல. உடல் கிடைக்காத சாவில், இறந்துவிட்டார் என்று அழுதால் அவரைக் கைவிட்டதாகவும், வருவார் என்று இருந்தால் பைத்தியக்காரத்தனமாகவும் தோன்றும். அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் இந்த வகை இழப்பைத் தனியாகப் பிரித்தே எழுதியிருக்கிறார். இதில் ஒரு முடிவுக்கு வந்துவிடு என்று வற்புறுத்துவது பயன் தராது. "ஒருவேளை இல்லை, ஒருவேளை இருக்கலாம்" என்ற இரண்டையும் ஒரே மனத்தில் வைத்துக்கொண்டு வாழ முடியும், இந்தக் கரையில் பல வீடுகள் அப்படித்தான் வாழ்கின்றன. சட்டத்திலும் இதன் நிழல் உண்டு: ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாதிருந்தால்தான் ஒருவர் இறந்ததாகக் கருத, பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியம் இடம் தருகிறது. காணாமல் போனதற்கான காவல் நிலையப் புகார் நகலும் மீன்வளத் துறையின் பதிவும் வீட்டில் பத்திரமாக இருக்கட்டும். அண்ணிக்குப் பின்னால் எந்த உதவி வந்தாலும் அந்தக் காகிதங்கள் வழியாகத்தான் வரும்.

கை நடுங்குவது கோழைத்தனம் அல்ல. லாஞ்சின் நக்குதாவிடம் (படகுத் தலைவரிடம்) மேலே சொன்ன மூன்று வாக்கியங்களைச் சொல்லி, சில நாள்கள் ஐஸ் அறை, மீன் பிரிப்பு, சமையல் ஆகிய வேலைகளைக் கேளுங்கள். ஒரு மாதத்துக்குப் பிறகும் கடலைப் பார்த்ததும் மூச்சுத் திணறல், வியர்வை, அதே கனவு என்று தொடர்ந்தால், கரை வேலைக்கு மாறுவது பற்றித் தீவிரமாக யோசிக்க வேண்டும்.

வீட்டுக்காரர் போய்ட்டார். இத்தா (கணவர் இறந்தபின் மனைவி காத்திருக்கும் காலம்) முடிஞ்சதும் குவைத்துக்கு வீட்டு வேலைக்கு அனுப்புறேன்னு ஒருத்தர் சொல்றார். போகலாமா?

சொல்கிறவர் யார் என்று முதலில் பாருங்கள். ஈசிஆர் (வேலைக்கு வெளிநாடு போகும் முன் அரசின் அனுமதி தேவை என்ற) முத்திரையுள்ள கடவுச்சீட்டு வைத்திருக்கும் பெண், குவைத் போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக 30 வயது நிரம்பியிருக்க வேண்டும்; அதுவும் அரசு நிறுவனங்கள் வழியாகத்தான். தமிழ்நாட்டில் அது அயல்நாட்டு மனிதவள நிறுவனம். விசிட் விசாவில் போய்ப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பதிவு பெற்ற முகவரே ஆனாலும் 30,000 ரூபாய்க்கும் அதன் மேல் வரும் ஜிஎஸ்டிக்கும் கூடுதலாகக் கட்டணம் வாங்கக் கூடாது என்பதை ஆண்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

கணவரை இழந்த பெண்ணுக்கு அந்நிய வீட்டின் உள்ளறையில், பேச ஆளில்லாமல், மற்றொருவர் குடும்பத்தின் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு வேலை செய்வது கேம்ப் அறையைவிடக் கடினம். கைப்பேசி உங்களிடமே இருக்கும் என்பதும் வார விடுமுறையும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தால் மட்டுமே சம்மதியுங்கள்.

மனநல டாக்டரைப் பார்த்தா ஏர்வாடிக்கு அனுப்புற கேஸுன்னு ஊர்ல பேசுவாங்களே?

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்பது நம் மாவட்டத்தாருக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அங்கே நிறைய மாறிவிட்டது. ஊர்ப் பேச்சு மாறவில்லை. துக்கத்துக்கு உதவி கேட்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

எப்போது கேட்க வேண்டும் என்றால்: ஆறு மாதம் கடந்தும் துக்கத்தின் கடுமை குறையாமல், சாப்பாடு, வேலை, பேச்சு எல்லாவற்றையும் தடுத்துக்கொண்டே இருந்தால் அதை நீடித்த துக்கக் கோளாறு என்று உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு குறிப்பிடுகிறது, அதற்குச் சிகிச்சை உண்டு. குடி கூடிக்கொண்டே போனாலும், செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தாலும் ஆறு மாதம் காத்திருக்கக் கூடாது, அன்றே பேச வேண்டும். இந்தியாவுக்குள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகாவை வெளிநாட்டிலிருந்தும் 91 44 2464 0050 என்ற எண்ணில் அழைக்கலாம். அமீரகத்தில் இந்தியத் தொழிலாளர்களுக்கான உதவி மையத்தின் கட்டணமில்லா எண் 800 46342. பேசுவது உங்கள் நிறுவனத்துக்குத் தெரியப் போவதில்லை.

நாலு மாசமாச்சு. முடியல. விட்டுட்டு வந்துட்டா தோத்துட்டேன்னு ஆயிடுமா?

ஆகாது; ஆனால் வரும் முறை முக்கியம். அமீரகத்தில் பரிசோதனைக் காலத்தில் நாட்டை விட்டுப் போக விரும்பும் தொழிலாளி 14 நாள் முன்னறிவிப்பை எழுத்தில் கொடுக்க வேண்டும். ஆளெடுக்கும் செலவைத் தொழிலாளியிடமிருந்து வாங்குவதை அந்நாட்டுச் சட்டம் தடுக்கிறது. எனவே "விசாச் செலவைக் கட்டிவிட்டுப் போ" என்று மிரட்டினால், மேலே சொன்ன உதவி மையத்தையோ, இந்திய வெளியுறவுத் துறையின் குறைதீர்ப்பு இணையதளமான மதாத் தளத்தையோ அணுகுங்கள்.

முடிவெடுக்கும் முன் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: அத்தா உயிரோடு இருந்து இதே வேலை, இதே அறை, இதே ஃபோர்மேன் என்றால் இருப்பீர்களா? இருப்பேன் என்றால் நீங்கள் தப்பிக்க நினைப்பது துக்கத்திலிருந்து, அது விமானத்தில் உங்களோடுதான் ஏறும்; இரண்டு வார விடுப்புக் கேட்டுப் பாருங்கள். அப்போதும் இருக்கமாட்டேன் என்றால் வேலையே சரியில்லை, கிளம்பி வாருங்கள்.

வேலை பழகிருச்சு, சிரிக்கவும் செய்றேன். ஆனா முதல் லீவுல ஊருக்கு வரவே பயமா இருக்கு. ஏன்?

அங்கே அத்தா என்றுமே இருந்ததில்லை. அதனால் அங்கே அவர் இல்லாதது கண்ணில் படவில்லை. இங்கே அவருடைய நாற்காலியும் சட்டையும் பள்ளிவாசலில் அவர் நிற்கும் வரிசையும் இருக்கின்றன. சபுராளிகள் பலருக்குத் துக்கத்தின் பெரிய அலை இறப்பின்போது வராமல், ஓர் ஆண்டோ இரண்டு ஆண்டோ கழித்து வீட்டு வாசலில் பெட்டியை இறக்கும்போதுதான் வருகிறது. ஊரார் எல்லாம் ஆறிவிட்டார்கள், நீங்கள் மட்டும் புதிதாக அழுவீர்கள். அம்மாவிடமும் தம்பியிடமும் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இறங்கிய அன்றே கல்யாணப் பேச்சு, வீட்டுக் கடைக்கால், விருந்து என்று எதையும் வைக்க வேண்டாம். முதல் இரண்டு நாளைக் காலியாக விடுங்கள். கபரடியோ கல்லறையோ கடற்கரையோ, எங்கே போக வேண்டுமோ அங்கே முதலில் போய்வாருங்கள், கூட்டமாக அல்லாமல் ஒருவரோடு. அத்தாவின் துணிமணிகளை நீங்கள் வரும்வரை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். திரும்பும் தேதிக்கு நான்கு நாள் முன்னதாக ரீ-என்ட்ரி காலக்கெடுவையும் கடவுச்சீட்டையும் ஒருமுறை சரிபாருங்கள். ஊர் வந்த மயக்கத்தில் தேதியைத் தவறவிட்டு வேலையை இழந்தவர்கள் உண்டு.